கேம் பெட்டியில் யூனிக்ஸ்: அட்டாலியில் கிடக்கும் வீயை வீட்டு சர்வராக்குவது எப்படி

பெரியப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். 2009-இல் ஆர்டர் பேச அமெரிக்கா போனவர், திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு நின்டெண்டோ வீ வாங்கிவந்தார். கையில் ரிமோட்டைப் பிடித்து வீசி வீசி டென்னிஸ் ஆடுவார்களே, அந்தப் பெட்டி. இரண்டு வருடம் ஆடித் தீர்த்தார்கள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் பெட்டி அட்டாலிக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு வெள்ளையடிக்க அட்டாலியை ஒழித்தபோதுதான் மறுபடி கண்ணில் பட்டது. "தம்பி, வேணும்னா எடுத்துக்கோ. இல்லாட்டி பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுருவேன்" என்றார் அண்ணன்.

இன்றைக்கு அது பொங்கலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் ஓடுகிறது. அதற்கு ஒரே வேலைதான். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் எப்போது, மும்முனை மின்சாரம் எந்த நேரம், இன்று மோட்டார் முறை பெரியப்பாவுக்கா எங்களுக்கா என்று காட்டும் ஒரு பக்கத்தை, வீட்டு வைஃபையில் இருக்கும் போன்களுக்குக் கொடுக்கிறது.

"இதுக்கு வாட்ஸ்அப் குரூப் பத்தாதா கண்ணு?" என்று அம்மா கேட்டார். பத்தும். ஆனால் எனக்கு வேண்டியது வேறு. லேப்டாப்பில் லினக்ஸ் போட்டால் நூறு நூற்றைம்பது வேலைகள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். எது எதற்கென்று ஒருவருக்கும் தெரியாது. வீயில் மொத்தமே 88 எம்பி மெமரி. வீட்டு ரவுட்டரிலேயே இதைவிட அதிகம் இருக்கக்கூடும். அதனால் ஓடுகிற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க முடிகிறது: நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை? யூனிக்ஸ் கற்க விரும்பும் புதியவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

தொடங்கும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில், பல இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். இடைவெளி என்று நான் சொல்லும் இடத்தில் மட்டும் இடைவெளி.

ஏன் இந்தப் பெட்டி

கேம் பெட்டியில் யூனிக்ஸ் ஏற்றுவது புதிய பைத்தியம் அல்ல. சோனியே 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு ஹார்ட் டிஸ்க், விசைப்பலகை, மவுஸ் எல்லாம் சேர்த்து ஒரு லினக்ஸ் தொகுப்பை அமெரிக்காவில் விற்றது. பிளேஸ்டேஷன் 3-இல் வேறு இயங்குதளம் ஏற்றும் வசதி பெட்டியிலேயே இருந்தது. 2010 ஏப்ரலில் வந்த 3.21 அப்டேட்டில் அதைப் பிடுங்கிவிட்டார்கள். சேகாவின் டிரீம்காஸ்ட்டுக்கும் நெட்பிஎஸ்டி உண்டு. அதில் மெமரி 16 எம்பி மட்டும். போதாததற்கு இரண்டு செஷனாக சிடி எரிக்க வேண்டும், கடைசிக் காலத்தில் வந்த டிரீம்காஸ்ட்கள் அந்த சிடியையும் ஏற்காது. அழகான வேலைதான், ஆனால் முதல் முயற்சியாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வீ 2006-இல் வந்தது. உள்ளே 729 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் பிராட்வே என்ற பவர்பிசி சிப். ஆப்பிளின் பழைய ஐமேக்குகளில் இருந்த ஜி3 சிப்பின் உறவுக்காரர். மெமரி இரண்டு துண்டாக இருக்கிறது: வேகமான 24 எம்பி, அதற்கு வெளியே 64 எம்பி. முன்பக்கம் ஒரு சின்ன மூடிக்குள் எஸ்டி கார்டு துளை, பின்பக்கம் இரண்டு யூஎஸ்பி. பற்றவைப்பு வேண்டாம், பெட்டியைத் திறக்கவே வேண்டாம். புதியவருக்கு இது பெரிய நிம்மதி.

வாங்கப் போகிறீர்கள் என்றால் மாடலைப் பாருங்கள். மேல் மூடியைத் திறந்தால் கேம்கியூப் (வீக்கு முந்தைய நின்டெண்டோ பெட்டி) கன்ட்ரோலருக்கு நான்கு துளை இருக்கும் முதல் மாடல்தான் வசதியானது. 2011-இல் வந்த மாடலில் அந்தத் துளைகள் இல்லை. ஆனாலும் வேலை நடக்கும். சிவப்பும் கறுப்புமாகக் குட்டியாக இருக்கும் வீ மினியை மட்டும் தொடாதீர்கள். அதில் எஸ்டி கார்டு துளையும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. டிஸ்க் டிரைவ் ஓடாத வீ மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். நம் வேலைக்கு டிஸ்க் தேவையே இல்லை.

மற்ற சாமான்கள்: 2 ஜிபி எஸ்டி கார்டு ஒன்று, 8 அல்லது 16 ஜிபி கார்டு ஒன்று, யூஎஸ்பி விசைப்பலகை, யூஎஸ்பியிலிருந்து லேன் எடுக்கும் அடாப்டர், வீ ரிமோட், டிவி. லேன் அடாப்டரில் ஏசிக்ஸ் அல்லது ரியல்டெக் சிப் இருப்பதாகப் பாருங்கள். நின்டெண்டோ தானே விற்ற லேன் அடாப்டருக்குள்ளும் ஏசிக்ஸ் சிப்தான். டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இல்லாவிட்டால், வீயின் பின்னால் செருகும் எச்டிஎம்ஐ மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் கரண்டு

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலம், பிளக்கில் ஒரு மாற்றி மாட்டி நேராகச் சுவரில் செருகினேன். "டப்" என்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கருகிய வாடை. அடாப்டரின் அடியில் 120 வோல்ட் என்று அச்சிட்டிருந்ததை அதற்கு அப்புறம்தான் படித்தேன்.

அமெரிக்க வீயின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கும், ஜப்பான் வீயின் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் செய்தவை. நம் வீட்டில் 230. பிளக்கின் வடிவத்தை மாற்றும் மாற்றி வோல்ட்டை மாற்றாது. நல்லவேளை, வீயில் அடாப்டர் வெளியே இருக்கிறது. செத்தது அடாப்டர் மட்டும், பெட்டி பிழைத்தது. டிரீம்காஸ்ட் மாதிரி பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் பெட்டியாக இருந்தால் கதை வேறு.

அடாப்டரிலிருந்து பெட்டிக்குப் போவது 12 வோல்ட் டிசி, 3.7 ஆம்பியர். ஆகவே மூன்று வழி. முதல் வழி, 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் மாற்று அடாப்டரை வாங்குவது. புதியவர்கள் இதையே செய்யுங்கள். இரண்டாவது, 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். கோவையில் வைண்டிங் தெரிந்த ஆளுக்கா பஞ்சம்? 100 விஏ அளவில் ஒன்று தாராளமாகப் போதும். மூன்றாவது, சிசிடிவி கேமராவுக்கு வைக்கிற 12 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளையை எடுத்து, செத்த அடாப்டரின் வயரை வெட்டி இணைப்பது. நான் செய்தது இதுதான். வீயின் பின் தனி வடிவம் என்பதால் பழைய வயரை வெட்டித்தான் ஆக வேண்டும். மல்டிமீட்டர் வைத்து பாசிட்டிவ் எது, நெகட்டிவ் எது என்று இரண்டு தடவை பார்க்கத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் போக வேண்டாம்.

பூட்டைத் திறப்பது

வீ தானாக வெளியார் மென்பொருளை ஓட விடாது. அதைத் திறந்தவர்கள் டீம் ட்வீசர்ஸ் என்ற குழு. பெயரின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய கேம்கியூப் ஆட்டம் ஓடும்போது வீ தன் மெமரியில் ஒரு சிறு பகுதியை மட்டும் அதற்குத் திறந்துவிடும். இவர்கள் மெமரியின் முகவரிக் கம்பிகளை ஒரு ட்வீசரால் தொட்டு இணைத்து, திறக்காத பகுதியையும் எட்டிப் பார்த்து, உள்ளே இருந்த சாவிகளை எடுத்துவிட்டார்கள். ட்வீசர் என்றால் நம் ஊர் முள்வாங்கிதான். வேலாமுள் நிறைந்த எங்கள் காட்டில் முள்வாங்கி இல்லாத வீடு கிடையாது. அப்பத்தாவின் சுருக்குப் பையிலேயே ஒன்று இருக்கும். உலகப் புகழ்பெற்ற ஒரு பூட்டை அதே சாமான் திறந்திருக்கிறது.

நமக்கு முள்வாங்கி வேண்டாம், ஒரு கடிதம் போதும். வீயின் செட்டிங்ஸில் மேல் வலது மூலையில் சிஸ்டம் மெனு எண் தெரியும், அது 4.3 என்று இருக்க வேண்டும். இணைய அமைப்புப் பக்கத்தில் பெட்டியின் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்) பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். லெட்டர்பாம் என்ற கருவியின் தளத்தில் அந்த முகவரியையும், உங்கள் வீ எந்தப் பிராந்தியத்தைச் சேர்ந்தது என்பதையும் கொடுத்தால் ஒரு ஜிப் கோப்பு தரும். அதை விரித்து, ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்த சின்னக் கார்டில் அப்படியே போடுங்கள்.

கார்டை வீயில் செருகி, கீழ் வலது மூலையில் உள்ள கடித உறையைத் திறந்தால், வெடிகுண்டுப் படம் போட்ட சிவப்பு உறை ஒன்று இருக்கும். இன்றைய தேதியில் காணவில்லை என்றால் நேற்றைய தேதிக்குப் போய்ப் பாருங்கள். அப்படியும் இல்லையா, வீயின் தேதி தப்பாக இருக்கிறது. வருடக்கணக்கில் அட்டாலியில் கிடந்த பெட்டியில் உள்ளே இருக்கும் காசு பேட்டரி செத்திருக்கும். தேதி எங்கோ போயிருக்கும். சரியாக வைத்துவிட்டு லெட்டர்பாம் கோப்பை மறுபடி தயாரித்துக் கொண்டுவாருங்கள்.

உறையைத் தொட்டால் ஹேக்மீ இன்ஸ்டாலர் திறக்கும். "இதற்குப் பணம் கொடுத்திருந்தால் ஏமாந்துவிட்டீர்கள்" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை முதலில் வரும். விளையாட்டாகப் போட்டதில்லை அது. இதே வேலைக்கு என்னிடம் ஆயிரத்து ஐந்நூறு கேட்ட கடை உண்டு.

அதில் ஹோம்ப்ரூ சேனலையும் (வெளியார் மென்பொருளைத் திறக்கும் மெனு) பூட்மீயையும் (உள் நினைவகத்தை நகலெடுக்க உதவும் கருவி) நிறுவுங்கள். அடுத்த வேலை பூட்மீயில் புகுந்து, வீயின் உள் நினைவகத்தை முழுசாகக் கார்டில் நகல் எடுப்பது. 512 எம்பி வரும், கொஞ்ச நேரம் பிடிக்கும். கேம்கியூப் கன்ட்ரோலர் இல்லாதவர்கள் பெட்டியில் உள்ள பவர் பொத்தானால் நகர்ந்து, ரீசெட் பொத்தானால் தேர்ந்தெடுக்கலாம். இந்த நகலை லேப்டாப்பில் பத்திரமாக வையுங்கள். நெட்பிஎஸ்டி எஸ்டி கார்டிலிருந்துதான் ஓடப் போகிறது, வீயின் உள்ளே எதையும் எழுதாது. அதனால் இந்த நகலுக்குத் தேவை வராமலே போகலாம். இருந்தாலும் எடுங்கள்.

ரிமோட் திரையில் அம்புக்குறியைக் காட்டவில்லை என்றால், டிவி மேல் வைக்கும் சென்சார் பார் தொலைந்திருக்கும். எங்களுடையதும் தொலைந்திருந்தது. பெயர்தான் சென்சார், அது எதையும் உணராது. இரண்டு ஓரத்திலும் அகச்சிவப்பு விளக்கு எரியும் ஒரு குச்சி, அவ்வளவே. பார்ப்பது ரிமோட்டின் மூக்கில் உள்ள கேமரா. டிவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு அகல் விளக்கை ஏற்றிவைத்தேன். அம்புக்குறி அழகாக வந்துவிட்டது. அம்மாயி வந்து பார்த்துவிட்டு, "பெட்டிக்குக் கார்த்திகையா சாமி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கார்டு எழுதுவது

நெட்பிஎஸ்டி 1993-இல் தொடங்கிய திட்டம். ஊரில் உள்ள எல்லா வகைக் கணினியிலும் ஓட வேண்டும் என்பதே அதன் பிடிவாதம். வீக்கு லினக்ஸும் உண்டு. நான் நெட்பிஎஸ்டியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், திட்டத்தின் மூல நிரலிலேயே வீக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் தனியாகப் பராமரிக்கும் பிரதியைத் தேடி அலைய வேண்டாம்.

நெட்பிஎஸ்டி தளத்தில் இவிபிபிபிசி என்ற பிரிவில் வீ என்று பெயரிட்ட பிம்பக் கோப்பு (முழுக் கார்டின் நகல் ஒரே கோப்பாக) கிடைக்கும். ஜிஜிப் முறையில் சுருக்கியிருப்பார்கள். விண்டோஸில் பலேனா எட்ச்சர் போன்ற கருவியில் அந்தக் கோப்பையும் பெரிய கார்டையும் காட்டினால் எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸ்காரர்கள் விரித்துவிட்டு டிடி கட்டளையால் எழுதலாம். எந்த டிஸ்க்கில் எழுதுகிறோம் என்பதை மட்டும் மூன்று தடவை பாருங்கள். டிடி கேள்வி கேட்காது. கல்யாண ஆல்பம் இருக்கும் டிஸ்க்கைக் காட்டினாலும் எழுதிவிட்டுத்தான் நிற்கும்.

எழுதி முடித்ததும் விண்டோஸ் "இந்தக் கார்டை ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள். கார்டில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று, வீ படிக்கக்கூடிய சின்ன ஃபேட் பகுதி. இன்னொன்று விண்டோஸுக்குப் புரியாத நெட்பிஎஸ்டி பகுதி. புரியாததால்தான் கேட்கிறது.

முதல் தடவை எழுப்புவது

விசைப்பலகையை ஒரு யூஎஸ்பியிலும் லேன் அடாப்டரை இன்னொன்றிலும் செருகுங்கள். இருக்கிற இரண்டும் போயிற்று. கார்டைப் போட்டு ஹோம்ப்ரூ சேனலைத் திறந்தால் நெட்பிஎஸ்டி ஒரு செயலி மாதிரி பட்டியலில் நிற்கும். தேர்ந்தெடுத்து ஓட விடுங்கள்.

திரையில் வரிவரியாக எழுத்து ஓடும். பயப்பட வேண்டாம், படிக்க முயலுங்கள். கருநிரல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று தேடித் தேடிச் சொல்லிக்கொண்டே போகிறது: இதோ மெமரி, இதோ யூஎஸ்பி, இதோ எஸ்டி கார்டு, இதோ நீங்கள் செருகிய விசைப்பலகை. அப்புறம் நிதானமாகப் படிக்க டி, எம், இ, எஸ், ஜி என்று தட்டினால் அதே வரிகள் மறுபடி வரும். பழைய டிவியாக இருந்தால் ஓரத்தில் ஓர் எழுத்து வெட்டுப்பட்டுத் தெரியும். அது டிவியின் குணம்.

முதல் தடவை நேரம் எடுக்கும். கோப்பமைப்பைக் கார்டின் முழு அளவுக்கு விரிப்பது, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி) சாவிகளை உருவாக்குவது எல்லாம் இந்தச் சிப்புக்குக் கனமான வேலை. திரை அப்படியே நின்றுவிட்டது போலிருக்கும். பவரைப் பிடுங்காதீர்கள். போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். இடையில் ரீபூட் ஆகி வீயின் மெனுவுக்கே திரும்பிவிட்டால், ஹோம்ப்ரூ சேனலிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும்.

லாகின் கேட்கும்போது ரூட் (ஆர், ஓ, ஓ, டி) என்று கொடுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு அது. கடவுச்சொல் இல்லை, நேராக உள்ளே விடும். ஆகவே உடனே செய்ய வேண்டியது பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி என்று தட்டி ஒரு கடவுச்சொல் வைப்பது. அடுத்து, யூசர்ஆட் கட்டளையால் (யூ, எஸ், இ, ஆர், ஏ, டி, டி) உங்கள் பெயரில் ஒரு பயனர் கணக்கு. வீட்டு அடைவையும் (உங்கள் கோப்புகளுக்கான ஃபோல்டர்) உருவாக்கச் சொல்லி, வீல் என்ற குழுவிலும் சேர்க்க மறக்காதீர்கள். நெட்பிஎஸ்டியில் சாதாரணப் பயனர் எஸ், யூ கட்டளையால் ரூட்டாக மாற வேண்டுமென்றால் வீல் குழுவில் இருந்தாக வேண்டும். புதிதாக வருபவர்கள் பலர் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள். கணக்கு தொடங்கியதும் அதற்கும் ஒரு கடவுச்சொல்.

பிறகு நேரம். இடிசி (இ, டி, சி) அடைவில் லோக்கல்டைம் என்ற இணைப்பு இருக்கும். நேர மண்டலக் கோப்புகளில் ஆசியா, கொல்கத்தா என்று இருப்பதை நோக்கி அதைத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் முறை ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும்!

டிவியிலிருந்து விடுதலை

டிவியில் எவ்வளவு நேரம் கழுத்தை நீட்டிக்கொண்டு தட்டுவது? வீட்டில் சீரியல் நேரமும் வந்துவிடும். ரவுட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்து லேன் அடாப்டரில் செருகுங்கள். வீயில் வைஃபை உண்டுதான். ஆனால் தொடக்கத்தில் வயரை நம்புங்கள். தகராறு வந்தால் தேட வேண்டிய இடங்களில் ஒன்று குறையும்.

இடிசி அடைவில் ஆர்சி டாட் கான்ஃப் என்ற கோப்பு இருக்கிறது. நெட்பிஎஸ்டியில் எது ஓட வேண்டும், எது ஓடக் கூடாது என்பதை இந்த ஒரே கோப்பு சொல்கிறது. வரிக்கு ஒரு சேவை. சேவையின் பெயர், சமக்குறி, யெஸ் அல்லது நோ. அதில் டிஎச்சிபிசிடி என்பதற்கும் எஸ்எஸ்எச்டி என்பதற்கும் யெஸ் என்று இருக்க வேண்டும். முன்னது ரவுட்டரிடம் முகவரி வாங்கித் தரும், பின்னது லேப்டாப்பிலிருந்து உள்ளே வர வழி விடும்.

கோப்பைத் திருத்த விஐ என்ற எடிட்டர் இருக்கிறது. புதியவரை அழவைப்பதில் அதற்கு அரை நூற்றாண்டு அனுபவம். தெரிய வேண்டியது கொஞ்சம்தான். ஐ என்ற எழுத்தைத் தட்டினால் எழுதலாம். எஸ்கேப் தட்டினால் எழுத்து நிற்கும். அப்புறம் முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ, என்டர் என்றால் சேமித்து வெளியேறும். குளறுபடியாகிவிட்டதா? எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

இஃப்கான்ஃபிக் (ஐ, எஃப், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி) கட்டளை வீக்குக் கிடைத்த முகவரியைக் காட்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் போய் இந்த லேன் அடாப்டருக்கு எப்போதும் இதே முகவரி என்று பதிந்துவிடுங்கள். இனி லேப்டாப்பில் டெர்மினலைத் திறந்து எஸ்எஸ்எச் வழியாக உங்கள் பயனர் பெயரில் நுழையலாம். விண்டோஸ் 10-இலும் அது கூடவே வருகிறது. ரூட் பெயரில் நேராக நுழைய விடாது, அது நல்லதுக்குத்தான். உள்ளே போவதற்குச் சில விநாடி தயங்கும். இன்றைய குறியாக்கக் கணக்குகளை 2006-ஆம் வருடச் சிப் கையால் போட வேண்டியிருக்கிறது, பாவம்.

இது வேலை செய்துவிட்டால் டிவி, விசைப்பலகை, அகல் விளக்கு எல்லாவற்றையும் எடுத்துவைக்கலாம். பெட்டியை அணைத்து எழுப்பும்போது மட்டும் ஹோம்ப்ரூ சேனலைத் திறக்க ரிமோட்டும் டிவியும் வேண்டும். ப்ரீலோடர் என்ற கருவியால் இதைத் தவிர்க்க முடியும். ஆனால் அது வீயின் உள் நினைவகத்தில் எழுதுவது. ஒரு மாதமாவது பழகிவிட்டு அந்தப் பக்கம் போங்கள்.

களையெடுப்பு

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. டி, ஓ, பி என்று தட்டினால், ஓடுகிற வேலைகளும் ஒவ்வொன்றும் எவ்வளவு மெமரியைப் பிடித்திருக்கிறது என்பதும் ஓடிக்கொண்டே தெரியும். வெளியே வர க்யூ. பி, எஸ் கட்டளையுடன் ஓர் இடைவெளியும் ஏ, யூ, எக்ஸும் சேர்த்தால் எல்லா வேலைகளின் பட்டியலும் ஒரே மூச்சில் வரும். ஒரு திரைக்குள் அடங்கிவிடும் என்பதுதான் ஆச்சரியம்.

ஒவ்வொரு பெயரையும் எடுத்து, மேன் (எம், ஏ, என்) கட்டளைக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு அந்தப் பெயரைத் தட்டுங்கள். அது என்ன, எதற்கு என்று கையேடு திறக்கும். இணையம் வேண்டாம், கையேடு கார்டிலேயே இருக்கிறது. இனிட் எல்லாவற்றுக்கும் தாய். சிஸ்லாக்டி நடப்பதைக் குறித்துவைக்கும் கணக்குப்பிள்ளை. கிரான் குறித்த நேரத்தில் வேலை செய்பவர். போஸ்ட்ஃபிக்ஸ் குடும்பத்தார் பட்டியலில் இருந்தால், அவர்கள் அஞ்சல்காரர்கள். நாம் அஞ்சல் அனுப்பப் போவதில்லை. ஆர்சி டாட் கான்ஃபில் போஸ்ட்ஃபிக்ஸுக்கு நோ போட்டுவிடலாம். என்டிபிடி கடிகாரத்தைச் சரிசெய்பவர். கொஞ்சம் பெரிய ஆள், மெமரியை விட மாட்டார். காசு பேட்டரி செத்த என் வீயில் அவர் இல்லாமல் நடக்காது என்பதால் வைத்துக்கொண்டேன். பேட்டரி நல்லதாக இருந்தால் நீங்கள் நிறுத்திப் பார்க்கலாம்.

கடலைக்காட்டில் களையெடுப்பது போலத்தான். எது களை, எது செடி என்று தெரியாமல் பிடுங்கக் கூடாது. ஒன்றை நிறுத்துங்கள், பெட்டியை மறுபடி எழுப்புங்கள், எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள், அப்புறம் அடுத்தது. எஸ்எஸ்எச்டியை நிறுத்திவிட்டு ஏன் உள்ளே போக முடியவில்லை என்று அரை நாள் முழித்தவன் நான். பட்டாலும் பரவாயில்லை, விசைப்பலகையையும் டிவியையும் மாட்டித் திருத்திவிடலாம்.

கார்டுக்கு ஆயுள் கூட்ட ஒரு சின்ன வேலை. இடிசி அடைவில் எஃப்எஸ்டேப் என்ற கோப்பில், மூலக் கோப்பமைப்பின் வரியில் நோஏடைம் என்ற சொல் இல்லாவிட்டால் சேருங்கள். இது இல்லாமல், ஒரு கோப்பை வெறுமனே படித்தாலும் படித்த நேரத்தைக் கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும்.

பேக்கேஜ்களை ஏற்ற பிகேஜிஇன் என்ற கருவி உண்டு. ஏற்றலாம், ஆனால் பட்டியலைப் புதுப்பிக்கவே பெட்டி திணறும். எதையாவது ஏற்றும் முன், அது அடிப்படைத் தொகுப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பலமுறை இருக்கும். வரைகலைத் திரை, பிரௌசர் போன்ற ஆசைகளை மட்டும் விட்டுவிடுங்கள். இன்றைய ஒரு செய்தித் தளத்தின் முதல் பக்கத்துக்கே 88 எம்பி பத்தாது.

பக்கம் போடுவது

வெப் சர்வருக்குத் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. எச்டிடிபிடி என்ற சின்ன சர்வர் நெட்பிஎஸ்டியுடனேயே வருகிறது. ஆர்சி டாட் கான்ஃபில் எச்டிடிபிடிக்கு யெஸ் என்று ஒரு வரி சேருங்கள். அது வார் (வி, ஏ, ஆர்) அடைவுக்குள் டபிள்யூ, டபிள்யூ, டபிள்யூ என்ற அடைவிலிருந்து கோப்புகளைக் கொடுக்கும். அந்த அடைவு இல்லாவிட்டால் எம்கேடிர் கட்டளையால் (எம், கே, டி, ஐ, ஆர்) உருவாக்கி, சௌன் கட்டளையால் (சி, எச், ஓ, டபிள்யூ, என்) உங்கள் பயனர் பெயருக்கு உடைமையாக்கிவிடுங்கள். இனி ரூட்டாகாமலே கோப்பை மாற்றலாம்.

பக்கத்தை லேப்டாப்பில் எழுதுங்கள். வீயின் கறுப்புத் திரை தமிழைக் காட்டாது. அதனால் என்ன? காட்ட வேண்டியது போன். சர்வர் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுகளை அப்படியே கொடுக்கிறது. எச்டிஎம்எல் கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். அதன் தலைப்பகுதியில் எழுத்து முறை யூடிஎஃப்-8 என்று சொல்லும் மெட்டா வரியையும் சேருங்கள். இந்த வரியை விட்டுவிட்டு நான் முதலில் போட்ட பக்கத்தில் "வாய்க்கால் தண்ணீர்" என்பது புழு நெளிவது போல் வந்தது. இன்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று பெயரிட்டு, எஸ்சிபி கட்டளையால் லேப்டாப்பிலிருந்து வீக்கு அனுப்புங்கள். போனின் பிரௌசரில் வீயின் முகவரியைத் தட்டினால் பக்கம் வந்துவிடும்.

முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்றே இருக்கட்டும், கடைசியில் எஸ் வேண்டாம். வீட்டுக்குள் மட்டும் ஓடுகிற பக்கத்துக்கு அது போதும். இதை வெளி இணையத்துக்குத் திறந்துவிடும் யோசனை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ரவுட்டரில் போர்ட் திறப்பது என்பது வாசற்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கப் போவது. எஸ்எஸ்எச் போர்ட்டை மட்டுமாவது திறக்கவே கூடாது.

என் பக்கத்தில் படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. மூன்று அட்டவணை. பிஏபி பாசனத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் என்பதால் முதல் அட்டவணை அதற்கு. இரண்டாவது மும்முனை நேரம். மூன்றாவது கிணற்று மோட்டார் முறை. இதை மட்டும் ஒரு சின்னச் செயல்நிரல் எழுதி, கிரான் மூலம் தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு மாறும்படி வைத்திருக்கிறேன். பெரியப்பா இப்போது போனில் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுகிறார். "உன் பெட்டி சொல்லுதே, இன்னைக்கு எங்க முறைன்னு" என்று சண்டைக்கும் அதையே சாட்சி வைக்கிறார்.

அணைப்பதும் கரண்டு போவதும்

பெட்டியை அணைக்க ஷட்டவுன் கட்டளையை, ஓர் இடைவெளி, கழித்தல் குறி பி, இன்னோர் இடைவெளி, அப்புறம் நௌ (என், ஓ, டபிள்யூ) என்று சேர்த்து ரூட்டாகத் தட்டுங்கள். கோப்பமைப்பை ஒழுங்காக மூடிவிட்டு அணையும். நேராகப் பிளக்கைப் பிடுங்கினால் ஒரு நாள் தப்பிக்கலாம், பத்தாவது நாள் கார்டு கெடும்.

கரண்டு நம்மைக் கேட்டுப் போவதில்லையே. ரவுட்டருக்கு வைக்கிற குட்டி யூபிஎஸ் பெரும்பாலும் 12 வோல்ட் 2 ஆம்பியர்தான். வீயின் அடாப்டர் அளவு 3.7. அந்தக் குட்டியில் இதை மாட்டாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில் செருகுங்கள். வீ 20 வாட்டுக்குள் ஓடிவிடும், இன்வெர்ட்டருக்கு அது ஒரு டியூப்லைட் பாரம்கூட இல்லை. பெட்டியின் பின்பக்கக் காற்றாடிக்கு நான்கு விரல் இடம் விடுங்கள். சாளையில் தூசி அதிகம் என்றால் மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும், ஒருமுறை ஒழுங்காக அணைத்து, கார்டை எடுத்து லேப்டாப்பில் போட்டு, முழுக் கார்டையும் ஒரே கோப்பாக நகல் எடுத்துவிடுங்கள். அதே நகலை அதே அளவுள்ள இன்னொரு கார்டில் எழுதி, பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு டப்பாவில் வையுங்கள். ஆடிக்காற்றில் கரண்டு விட்டுவிட்டு வந்த ஒரு ராத்திரி என் கார்டு போய்விட்டது. விடிந்ததும் டப்பாக் கார்டை மாட்டினேன். அஞ்சு நிமிடத்தில் பக்கம் வந்துவிட்டது. மோட்டார் முறை மட்டும் ஒரு நாள் பின்னால் இருந்தது.